கூடு கலைந்த குருவிக் குஞ்சுகளை வளர்த்த அனுபவம்

தரையில் ஒரு குருவிக் குஞ்சைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது, "இதுக்கு என்ன சாப்பாடு கொடுக்கறது?" என்றுதான். என்னைக் கேட்டால் சாப்பாடு மூன்றாவது வேலை. அதற்கு முன்னால், அது உண்மையிலேயே தாயில்லாத குஞ்சுதானா என்று பார்க்க வேண்டும். அப்புறம் அதன் உடம்பைச் சூடாக்க வேண்டும்.

முதல் விஷயத்தில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். உடம்பு முழுக்க இறகு மூடி, வால் மட்டும் கட்டையாக, தத்தித் தத்தி ஓடுகிற குஞ்சு என்றால் அது கூட்டை விட்டுத் தானாகக் கிளம்பிய குஞ்சு. சில நாள் தரையிலும் செடி மறைவிலும் திரிந்துதான் பறக்கப் பழகும். தாயும் தகப்பனும் பக்கத்தில் எங்காவது இரையோடு காத்திருக்கும், நாம் நகர்ந்தால்தான் இறங்கி வரும். பூனையோ வண்டியோ வருகிற இடமென்றால் பக்கத்துப் புதரில் தூக்கி வைத்துவிட்டு விலகிவிடலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது சும்மா கட்டிவிட்ட கதை. இறகில்லாத குஞ்சைக்கூட, கூடு கைக்கு எட்டினால் எடுத்து உள்ளே வைத்துவிடலாம்.

என்னிடம் வந்த இரண்டுக்கும் அந்த வழி இல்லாமல் போனது. வீட்டு வேலையின்போது சுவர்ப் பொந்திலிருந்த கூட்டைக் கலைத்துவிட்டார்கள். ஒரு சின்னக் கூடையில் வைக்கோல் பரப்பிக் குஞ்சுகளை வைத்து, அதே சுவரில் கட்டிவிட்டு, ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பெரிய குருவிகள் இரண்டும் அடைபட்ட பொந்தின் மேலேயே வந்து வந்து முட்டின, கூடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுபோனது. இறகே முளைக்காத குஞ்சுகளை அதற்கு மேல் காக்க வைக்க முடியாது. சரி, இனி நம் பொறுப்பு என்று உள்ளே கொண்டுவந்தேன்.

தொட்டால் சில்லென்று இருந்தன. அந்த நிலையில் குஞ்சு வாயைத் திறந்தாலும் ஊட்டக் கூடாது. குளிர்ந்த உடம்பில் இரை செரிக்காமல் உள்ளேயே தங்கிவிடும். இந்த வயதில் அதைச் சுற்றிச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு இருக்க வேண்டும். பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி, பெட்டியின் ஓரத்தில் வைத்தேன். குஞ்சு வாயைப் பிளந்தபடி மூச்சு வாங்கினால் சூடு அதிகம் என்று அர்த்தம். கூட்டுக்குப் பதில் ஒரு சின்னக் கிண்ணம், உள்ளே குழிவாக டிஷ்யூ பேப்பர். தட்டையான வழவழப்பான இடத்தில் விட்டால் கால்கள் இரண்டும் விரிந்து அப்படியே கோணிப்போகும். துண்டு விரித்தால் அதன் நூல் வளையங்களில் நகம் மாட்டும்.

கையில் எடுத்தால் கதகதப்பாகத் தெரிந்த பிறகுதான் இரை. குருவி தானியம் தின்னும் பறவைதானே என்று எதையாவது குழைத்துக் கொடுக்கத் தோன்றும். ஆனால் பெரிய குருவிகளே குஞ்சுகளுக்கு முதல் நாட்களில் பூச்சிகளைத்தான் கொண்டுவருகின்றன. வளர்கிற உடம்புக்குப் புரதமும் கால்சியமும் தேவை. கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பூனைக்குட்டிக்கான உலர் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து மசித்து, அவர் சொன்ன அளவு கால்சியம் பொடி கலந்தேன். கிடைத்தபோது தலையும் காலும் கிள்ளிய சின்ன வெட்டுக்கிளி. பால் மட்டும் வேண்டவே வேண்டாம், பாலிலுள்ள சர்க்கரை பறவைகளுக்குச் செரிக்காது.

கிண்ணத்தின் விளிம்பை விரலால் லேசாகத் தட்டினால் போதும், தாய் வந்து உட்கார்ந்த அதிர்வென்று எண்ணி இரண்டும் தலையைத் தூக்கும். கழுத்து கிடுகிடுவென்று நடுங்கும். மஞ்சளாகத் தடித்த வாயோரம் விரிந்து, உள்ளே செக்கச்செவேலென்று தெரியும். தூரிகையின் பின்முனையில் மிளகளவு இரையை எடுத்து, குஞ்சின் வலப்பக்கமாக, தொண்டை ஆழத்தில் வைக்க வேண்டும். நாக்கின் மேல் வைத்தால் தலையை உதறித் துப்பிவிடும். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவதுதான் இருப்பதிலேயே ஆபத்து. நாக்கு தொண்டையோடு சேரும் இடத்திலேயே மூச்சுக்குழாயின் துளை இருக்கிறது, தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். ஊறிய இரையில் இருக்கும் ஈரமே அதற்குப் போதும்.

விழுங்கியதும் பின்பக்கத்தைத் தூக்கி ஆட்டும். ஜவ்வுப் பைக்குள் கட்டிவைத்தது போல் எச்சம் முழுசாக வெளியே வரும், சாமணத்தால் அப்படியே எடுத்துப் போட்டுவிடலாம். கூட்டில் பெரிய குருவிகளும் அதை அலகால் கவ்விக்கொண்டுபோய் வெளியே போடும். குஞ்சின் உடல்நிலைக்கு நான் நம்பிய அளவுகோல் இதுதான். பை ஒழுங்காக வந்தால் கவலையில்லை. நீர்த்துப் போனாலோ நின்றுபோனாலோ முதலில் சூட்டைப் பார்ப்பேன், அப்புறம் இரையை.

விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அரை மணிக்கு ஒரு தடவை ஊட்ட வேண்டும், இரவில் தேவையில்லை. வேலைக்குப் போகிறவர் தனியாகச் செய்யக்கூடிய காரியம் இல்லை இது. பறவை மீட்பு அமைப்பு எட்டுகிற தூரத்தில் இருந்தால் அங்கே ஒப்படைப்பதே மேல். பல நாடுகளில் காட்டுப் பறவையை அனுமதியின்றி வைத்திருப்பது சட்டப்படி குற்றமும்கூட.

இரண்டில் சின்னது தேறவில்லை. ஆரம்பத்திலிருந்தே வாயைத் திறப்பதில் அதற்கு வேகம் இல்லை, ஒருநாள் காலையில் இறந்து கிடந்தது. மற்றது கண் திறந்து, ஊசி ஊசியாக இறகு வெடித்து, சீக்கிரமே கிண்ணத்தின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தது. அதற்குப் பிறகு பேச்சுக் கொடுப்பதையும் கொஞ்சுவதையும் நிறுத்திவிட்டேன். வீட்டில் இதற்காக என்மேல் வருத்தம்தான். ஆனால் மனிதரையே தன் இனமென்று நம்பி வளர்ந்த பறவைக்கு வெளியே பிழைப்பில்லை. மற்ற குருவிகளின் சத்தம் கேட்கிற ஜன்னலோரம் கூண்டை வைத்தேன், தரையில் சிறு தானியமும் பூச்சியும் தூவினேன். பறக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, தானாகக் கொத்தித் தின்று எடை குறையாமல் இருந்தால்தான் வெளியே விடலாம். அந்த நிலை வந்ததும் கூண்டைத் திறந்து வைத்தேன். சில நாள் இரைக்கு மட்டும் வந்தது, பிறகு வரவில்லை.

பூனை கவ்விய குஞ்சு கிடைத்தால், காயமே தெரியாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பூனையின் எச்சிலில் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்தால் பறவை தாங்காது, ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

புறாக் குஞ்சு என்றால் ஊட்டும் முறையே வேறு. அது வாயைப் பிளக்காது. பெரிய புறாவின் வாய்க்குள் தன் அலகை நுழைத்துத்தான் குடித்துப் பழக்கம். முனை வெட்டிய சிரிஞ்சின் வாயில் மெல்லிய ரப்பரை இழுத்துக் கட்டி, அதில் அலகு நுழையும் அளவு கீறல் போட்டு, மருத்துவர் சொல்கிற இரையை நிரப்பிக் காட்டினால் தானாக அலகை உள்ளே விட்டுத் தின்னும். அப்போதும் மூக்குத் துவாரம் இரையில் மூழ்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.