பின் டிரம் பிரேக் விடாமல் பிடிக்கிறது, ஓட ஓடச் சூடாகிறது. எங்கிருந்து பார்ப்பது?

காய்கறி வண்டி:

வணக்கம். என்னிடம் இருப்பது 2006 மாடல் டீசல் பிக்கப். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், லீஃப் ஸ்பிரிங், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் உள்ள வண்டி. தோட்டத்திலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றிக்கொண்டு போவதுதான் இதற்கு வேலை.

காலையில் எடுக்கும்போது வண்டி லேசாக இருக்கிறது, நியூட்ரலில் போட்டு ஒரு ஆள் தள்ளினாலே நகரும். மார்க்கெட் போய்ச் சேர்வதற்குள் பின் இடது சக்கரம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது, லைனர் (ஷூவின் மேல் இருக்கும் உராயும் பட்டை) கருகிய வாடை கேபினுக்குள்ளேயே வருகிறது. வலது பக்கமும் சூடுதான், ஆனால் இடது அளவுக்கு இல்லை. முன் சக்கரம் இரண்டும் எப்போதும் போல இருக்கின்றன. ஆக்சிலேட்டரை விட்டதும் உருண்டு போக வேண்டிய வண்டி அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. லோடு இறக்கி, டீ குடித்து, கமிஷன் மண்டியில் கணக்கு முடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் லூஸாகிவிடுகிறது. டீசலும் முன்னைவிட அதிகமாகக் குடிக்கிறது.

இதுவரை பின் பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் ஷூ, அதாவது டிரம்மின் உள்பக்கம் அழுந்திப் பிடிக்கும் வளைந்த கட்டை, புதிது போட்டாயிற்று, அதைத் தள்ளும் இடது வீல் சிலிண்டரும் புதிது, ஏர் எடுத்து பிரேக் ஆயிலும் ஊற்றியாயிற்று. கொஞ்ச நாள் சரியாக இருந்தது போல் தெரிந்தது, அப்புறம் அதே கதை. ஒரு பட்டறையில், பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்கிறார்கள், இன்னொருவர் பூஸ்டர் என்கிறார். செலவு செய்யத் தயார்தான், ஆனால் எதற்காக எதைக் கழற்றுகிறோம் என்று தெரிந்து கழற்ற ஆசைப்படுகிறேன். ஹேண்ட் பிரேக் நான் போடுவதே இல்லை, சக்கரத்துக்குக் கல் வைத்துத்தான் நிறுத்துவது வழக்கம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்:

தம்பி, மாஸ்டர் சிலிண்டரை இப்போதைக்குத் தொடாதீர்கள். அது கெட்டிருந்தால் பெரும்பாலும் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும், உங்களுக்கு முன்னால் சூடே இல்லை என்கிறீர்கள். சந்தேகம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லவில்லை, ஆனால் அது கடைசியில் பார்க்க வேண்டிய இடம்.

முதலில் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஷூவைப் பிடித்து வைத்திருப்பது ஆயில் பிரஷரா, இல்லை கேபிள், ஸ்பிரிங், அட்ஜஸ்டர் மாதிரி இரும்புச் சாமானா? இதைக் கண்டுபிடிக்க வண்டி பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே பார்த்தாக வேண்டும். ஆறிப்போன வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் எவ்வளவு பெரிய மெக்கானிக்காக இருந்தாலும் ஊகத்தில்தான் பார்ட் மாற்றுவார், உங்களுக்கு நடந்திருப்பது அதுதான்.

அடுத்த தடவை நன்றாகப் பிடித்த நிலையில் சமதளத்தில் நிறுத்துங்கள். முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள், ஹேண்ட் பிரேக்கை விடுங்கள், கியர் நியூட்ரல். பின் பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், டைட்டாக இருக்கும். இப்போது பேக் பிளேட்டின் (ஷூ மாட்டியிருக்கும் தகடு) பின்னால் இருக்கும், ஏர் எடுக்கும் நிப்பிளில் ஒரு டியூப் மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, ரிங் ஸ்பானரால் அரை சுற்று திறங்கள். ஆயில் சீறிக்கொண்டு வந்து சக்கரம் உடனே லூஸானால் லைனில் பிரஷர் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆயில் வெறுமனே சொட்டி, சக்கரம் டைட்டாகவே இருந்தால் கோளாறு டிரம்முக்குள்ளே அல்லது கேபிளில். ஆயில் சூடாக இருக்கும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் எனக்கு ஹோஸ் மேல்தான் சந்தேகம். பெரும்பாலான பிக்கப்பில் சேஸிஸிலிருந்து பின் ஆக்சில் ஹவுசிங்குக்கு ஒரே ஒரு ரப்பர் ஹோஸ் இறங்கி, ஹவுசிங் மேல் டீ ஜாயின்டில் இரண்டாகப் பிரியும். அதனால் அது அடைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து பிடிக்கும். பழைய ஹோஸின் உட்சுவர் ஊறி உப்பிப்போகும். நாம் காலால் மிதிக்கும் பிரஷர் பெரிது, அந்த அடைப்பைத் தள்ளிக்கொண்டு ஆயில் உள்ளே போய்விடும். திரும்பி வருவதற்கு ரிட்டர்ன் ஸ்பிரிங்கின் இழுப்பு மட்டும்தான் இருக்கிறது, அதற்கு அவ்வளவு பலம் கிடையாது. அதனால் ஆயில் கசிந்து கசிந்துதான் மேலே திரும்பும். நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் லூஸாவது இதனால்தான் என்று நினைக்கிறேன். நடுவில் ஷூ உரசி ஆயிலும் சூடாகி விரிகிறது, விரிந்த ஆயில் இன்னும் அழுத்துகிறது. வெளியில் இருந்து பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரியே இருக்கும், கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது.

உறுதி செய்ய, மறுபடி ஒரு தடவை பிரேக் மிதித்துப் பிடிக்க விடுங்கள். ஹோஸுக்கு மேலே, சேஸிஸ் பக்கத்தில் இருக்கும் இரும்பு பைப் நட்டை லேசாகத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டால் பிரஷர் மேலிருந்து வருகிறது, அப்போது லோடு வால்வு (லோடுக்கு ஏற்றபடி பின் பிரேக் பிரஷரை மாற்றுவது), மாஸ்டர், பூஸ்டர் ராடு என்று போகலாம். விடவில்லை, ஆனால் கீழே டீ ஜாயின்டில் தளர்த்தினால் விடுகிறது என்றால் ஹோஸ்தான் குற்றவாளி.

இன்னொன்று. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியாக இருந்தால், பழைய ஓனர் பிரேக் ஆயில் டப்பாவில் வேறு ஏதாவது ஆயில் ஊற்றியிருக்கிறாரா என்று பாருங்கள். மூடிக்கு அடியில் உள்ள ரப்பர் உப்பிக் கொழகொழவென்று இருந்தால் சந்தேகப்படலாம். டப்பாவிலிருந்து ஒரு சொட்டு எடுத்து டம்ளர் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். இன்ஜின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ கலந்திருந்தால் மேலே படலமாக மிதக்கும். அப்படி மிதந்தால் ஹோஸ் மட்டும் மாற்றிப் பயனில்லை, லைனைச் சுத்தம் செய்து எல்லா ரப்பரும் மாற்ற வேண்டும்.

கடலோரம்:

பட்டறைக்காரர் சொன்னது சரி, ஆனால் இடது பக்கம் மட்டும் ஏன் அதிகச் சூடு என்பதற்கு ஹோஸ் பதில் சொல்லாது. எனக்கு அங்கே ஹேண்ட் பிரேக் கேபிள் தெரிகிறது.

நான் நாகப்பட்டினம் பக்கம் மீன் வண்டி ஓட்டுகிறேன். பெட்டியிலிருந்து உப்பும் ஐஸும் கலந்த தண்ணீர் நாள் முழுக்கப் பின் ஹவுசிங் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும், எங்கள் ஊரில் இந்தக் கேபிள் போவது சாதாரணம். பேக் பிளேட்டுக்குள் நுழையும் இடத்தில் உறை வெடித்து, தண்ணீர் இறங்கி, உள்ளே கம்பி துரு ஏறிப் புடைத்துவிடும். இழுத்தால் வரும், விட்டால் திரும்பாது. உள்ளே இருக்கும் லிவர் ஷூவை மில்லிமீட்டர் கணக்கில் விரித்தபடியே நின்றுவிடும். உங்களுக்கு உப்புத் தண்ணீர் இல்லை, ஆனால் ஹேண்ட் பிரேக்கே போடாமல் கல் வைத்து ஓட்டுகிறீர்கள் அல்லவா, அசையாமல் கிடக்கும் கேபிள் இன்னும் சீக்கிரம் இறுகும்.

சோதிப்பது எளிது. அடியில் இரண்டு கேபிளும் சேரும் இடத்தில் இடது கேபிளைக் கழற்றி விடுங்கள். டிரம்மைக் கழற்றி லிவரைப் பாருங்கள், அது ஷூவின் மேல் முழுதாகப் படிந்து உட்கார வேண்டும், கையால் தள்ளினால் கேபிள் எதிர்ப்பில்லாமல் போய்வர வேண்டும். இறுகியிருந்தால் ஆயில் விட்டு ஆட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், இரண்டு மழைக்குக்கூடத் தாங்காது. கேபிளையே மாற்றுங்கள்.

மாற்றிய பிறகு ஒன்றைக் கவனியுங்கள். டிரம் கொதிக்கிற சூட்டில் இருக்கும்போது ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து விடிய விடிய அப்படியே நிறுத்தி வைக்காதீர்கள். சூட்டில் விரிந்த டிரம் ஆறும்போது சுருங்கி ஷூவைக் கவ்விக்கொள்ளும், காலையில் வண்டி நகராது.

லேத் பக்கம்:

ஆயில், கேபிள் இரண்டும் பார்ப்பதோடு டிரம்மைக் கழற்றும்போது பேக் பிளேட்டையும் பாருங்கள், புது ஷூ போடும் பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஷூவின் ஓரம் உரசி நகர்வதற்கு பேக் பிளேட்டில் மேடான சில இடங்கள் இருக்கும். பழைய வண்டியில் அங்கே விரல் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். ஷூ வெளியே போகும்போது அந்தப் பள்ளத்தின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், ஸ்பிரிங் இழுத்தாலும் திரும்பாது. வெல்டிங் வைத்து நிரப்பி, சமமாக அரைத்து, அந்த இடத்தில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸ் மெல்லியதாகத் தடவ வேண்டும். தாராளமாகப் பூசினால் சூட்டில் உருகி லைனரில் இறங்கிவிடும்.

ரிட்டர்ன் ஸ்பிரிங் மாற்றினார்களா என்று நீங்கள் சொல்லவில்லை. இவ்வளவு சூடு பட்ட ஸ்பிரிங் நீலம் பாரித்திருக்கும், சும்மா இருக்கும்போதே சுருள்களுக்கு நடுவில் இடைவெளி தெரியும். அப்படி இருந்தால் அதில் இழுவை போய்விட்டது, ஷூ விலை, லேபர் கூலியோடு ஒப்பிட்டால் அது காசே இல்லை, இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள்.

டிரம்மின் உள்விட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். எவ்வளவு வரை கடையலாம் என்ற அளவைப் பெரும்பாலும் டிரம்மிலேயே வார்த்திருப்பார்கள். அதைத் தாண்டியதைக் கடைந்து திருப்பிப் போடுவது லோடு வண்டிக்கு ஆபத்து, என்னிடம் வந்தால் கடையமாட்டேன். வட்டம் கெட்டிருந்தால் சக்கரத்தைச் சுற்றும்போது ஒரே இடத்தில் மட்டும் உரசும், சுற்று முழுக்க ஒரே மாதிரி டைட்டாக இருந்தால் டிரம் அல்ல, வேறு காரணம். டிரம் வரவில்லை என்று சுத்தியலால் ஓரத்தை அடிக்காதீர்கள். அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு, டிரம் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டை இருந்தால் அதில் போல்ட் ஏற்றினால் தானாகத் தள்ளிக்கொண்டு வரும்.

உள்ளே இருக்கும் தூளைக் காற்று அடித்து ஊதாதீர்கள், வாயாலும் வேண்டாம். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, அந்தத் தூள் நுரையீரலில் போய்த் தங்கினால் வெளியே வராது. சோப்புத் தண்ணீரில் நனைத்து, துணியால் துடைத்துப் போடுங்கள். வேலை செய்கிற பையனிடமும் இதைச் சொல்லுங்கள்.

காய்கறி வண்டி:

மூவருக்கும் ரொம்ப நன்றி அண்ணே. மார்க்கெட்டுக்குப் பக்கத்துப் பட்டறையிலேயே சூடு ஆறும் முன் தூக்கிப் பார்த்தோம். நிப்பிளைத் திறந்ததும் ஆயில் பீய்ச்சி அடித்தது, வலது சக்கரம் கையாலேயே சுற்றியது. இடது சக்கரமும் நிறைய விட்டது, ஆனாலும் முழு லூஸ் இல்லை. மறுபடி மிதித்துவிட்டு ஹோஸுக்கு மேலே தளர்த்தினால் ஒன்றும் இல்லை, கீழே தளர்த்தியதும் விட்டது. ஹோஸைக் கழற்றி வாயில் வைத்து ஊதினால் காற்று போகவே இல்லை, அறுத்துப் பார்த்தபோது உள்ளே ரப்பர் தோல் மாதிரி உரிந்து தொங்கியது. தண்ணீர் சோதனையில் படலம் எதுவும் இல்லை.

இடது பக்கம் கேபிள் இறுகியிருந்தது, கடலோரம் அண்ணன் சொன்ன அதே இடத்தில் உறை வெடிப்பு. பேக் பிளேட்டில் பள்ளம் இருக்கிறது, அதிகம் இல்லை. ஸ்பிரிங் இடது பக்கம் நீலம். ஹோஸ், இரண்டு கேபிள், ஸ்பிரிங் செட் வாங்கிவிட்டேன். மாட்டிய பிறகு அட்ஜஸ்ட் செய்வது எந்த வரிசையில்? ஏற்கெனவே பட்டறையில் கேபிளை இழுத்துத்தான் பெடலை மேலே கொண்டுவந்தார்கள் என்று நினைக்கிறேன்.

பட்டறைக்காரன்:

கேபிளை இழுத்துப் பெடலைச் சரிக்கட்டுவதை இனி யாரையும் செய்ய விடாதீர்கள். கேபிள் இழுபட்டிருந்தால் உள்ளே லிவர் தன் இடத்துக்கே திரும்பாது. தானாக அட்ஜஸ்ட் ஆகும் வகை டிரம்மாக இருந்தால், லிவர் முழுதாகத் திரும்பாதவரை பல வண்டிகளில் அந்த அட்ஜஸ்டர் வேலையே செய்யாது. லைனர் தேயத் தேய பெடல் இன்னும் இறங்கும், இன்னும் இழுப்பார்கள்.

பள்ளத்தை முதலில் நிரப்பிவிடுங்கள், கொஞ்சம்தானே என்று விடாதீர்கள். மாட்டும்போது இடது, வலது அட்ஜஸ்டர் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் ஒன்று வலது மரை, இன்னொன்று இடது மரை, மாற்றிப் போட்டால் இறுக வேண்டியது தளரும். கேபிளை மாட்டி முழு லூஸில் விடுங்கள். டிரம்மைப் போட்டு முதலில் ஏர் எடுங்கள். ஆயில் புதிதாகச் சீல் உடைத்த டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். டாட் 3 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் இழுத்த பிறகு அந்த அளவுகோல் 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, 155. உங்கள் டிரம் பட்ட சூட்டுக்குப் பழைய ஆயிலை உள்ளே விட்டு வைக்கவே கூடாது, முன் பக்கமும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

அப்புறம் பேக் பிளேட்டின் ஓட்டை வழியாக ஸ்டார் வீலை (அட்ஜஸ்டரின் பல் சக்கரம்) வண்டிச் சக்கரம் நிற்கும்வரை இறுக்கி, பெடலை நன்றாக மிதித்து விடுங்கள், ஷூ நடுவில் வந்து உட்காரும். சக்கரம் மறுபடி லூஸாகியிருந்தால் இன்னும் இறுக்கி மிதியுங்கள். அதன் பிறகு சக்கரம் கையால் தடையில்லாமல் சுற்றும் வரை, லேசான உரசல் சத்தம் மட்டும் கேட்கும் வரை பின்னால் தளர்த்துங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் ஹேண்ட் பிரேக் கேபிள், அதையும் கேபினில் இருக்கும் ஹேண்ட் பிரேக் லிவரில் உங்கள் வண்டி புத்தகத்தில் சொன்ன எண்ணிக்கை க்ளிக்கில் பிடிக்கிற மாதிரி மட்டும்.

முதல் லோடு போய்வந்ததும் இரண்டு டிரம் மேலும் சில சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுர்ரென்று ஆவியானால் வண்டி சூடாக இருக்கும்போதே எழுதுங்கள், இடது வீல் சிலிண்டரை மட்டும்தான் மாற்றியிருக்கிறீர்கள், வலதில் பிஸ்டன் துருவும் பார்க்க வேண்டியிருக்கும்.