பின்பக்கச் சத்தம்: எங்கள் குடும்பக் குழுவில் ஒன்பது நாள்

வெள்ளி

நான், மாலை 7:12
சித்தப்பா, அப்பாவின் காரில் பின்பக்கத்திலிருந்து ஒரு வாரமாக "டொக் டொக்" என்று சத்தம் வருகிறது. பெரிய பள்ளத்தில் இல்லை. மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடுபள்ளத்தில்தான். வேகமாகப் போனால் வளைவில் வால் தனியாக ஆடுவதுபோல் இருக்கிறது.

அத்தான், மாலை 7:15
ஷாக் அப்சார்பர் போயிருக்கும் மாப்பிள்ளை. 15 வருஷ வண்டி. பின் ஷாக் இரண்டையும் மாற்றிவிடு, இன்றைக்கே ஆர்டர் போட்டுவிடலாம்.

சித்தப்பா, மாலை 7:31
மாப்பிள்ளை, கொஞ்சம் பொறுங்கள். பொருள் வாங்குவது கடைசி வேலை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடிப்போம்.

சித்தப்பா, மாலை 7:33
தம்பி, நாளைக்கு டிக்கியைக் காலி செய். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் பை எல்லாவற்றையும் வெளியே வை. ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்து, அதைச் சஸ்பென்ஷன் சத்தம் என்று நினைத்து ஷாக் மாற்றியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பின் சீட்டின் கொக்கி, சைலன்சரைத் தொங்கவிட்டிருக்கும் ரப்பர், இரண்டையும் கையால் ஆட்டிப் பார்.

நான், மாலை 7:34
சரி சித்தப்பா.

அக்கா, மாலை 7:40
நான் காலையில் வருகிறேன். நான் ஓட்டுகிறேன், நீ பின்னால் உட்கார்ந்து கேள்.

சித்தப்பா, மாலை 7:52
நல்லது. அப்படியே இன்னும் இரண்டு சோதனை. சத்தம் வரும் இடத்தில் பிரேக்கை லேசாக மிதித்தபடி போங்கள். சத்தம் நின்றால் பிரேக் பக்கம் ஏதோ லூஸ். அடுத்து, பின்னால் மூன்று பேரை உட்காரவைத்து அதே சாலையில் போய்ப் பாருங்கள்.

சனி

நான், காலை 10:48
டிக்கி காலி. சைலன்சர், சீட் கொக்கி எல்லாம் இறுக்கமாக இருக்கின்றன. சத்தம் அப்படியே இருக்கிறது. பிரேக் மிதித்தாலும் வருகிறது. வலதுபக்கம் பின் சக்கரத்துக்கு மேலிருந்துதான் வருகிறது என்று நிச்சயமாகத் தெரிகிறது.

அக்கா, காலை 10:50
ஆனால் அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுத் தம்பி மூவரும் பின்னால் ஏறியதும் சத்தம் சுத்தமாக இல்லை!

சித்தப்பா, காலை 10:57
அப்படியா. இது முக்கியமான தடயம். எடை ஏறினால் அடங்குகிறது என்றால், எடை இல்லாதபோது எதுவோ தன் இடத்தில் உட்காராமல் துள்ளுகிறது.

சித்தப்பா, காலை 11:02
இப்போது டேப் எடு. வண்டி சமதளத்தில் நிற்கட்டும், நான்கு டயரிலும் சரியான காற்று இருக்கட்டும். பின் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே பாடி விளிம்பு வரை அள. இரண்டு பக்கமும்.

நான், காலை 11:20
இடது 374 மி.மீ. வலது 356.

சித்தப்பா, காலை 11:21
மறுபடியும் அள.

நான், காலை 11:26
வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி அளந்தேன். அதேதான். 18 மி.மீ. வித்தியாசம்.

சித்தப்பா, காலை 11:29
அப்படியென்றால் வலது ஸ்பிரிங்.

அத்தான், காலை 11:31
ஷாக் போனாலும் வண்டி ஒருபக்கம் இறங்குமே?

சித்தப்பா, காலை 11:44
இல்லை மாப்பிள்ளை, நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். வண்டியின் எடையைச் சுமப்பது ஸ்பிரிங். ஷாக் எடையைச் சுமப்பதில்லை. அதன் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. உள்ளே பிஸ்டன் போய்வரும்போது எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போகிறது. ஆட்டத்தின் ஆற்றல் அங்கே சூடாக மாறிக் கரைகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் ஆட்டம் அடங்காது, ஆனால் வண்டி தாழாது. ஷாக்கை மட்டும் மாற்றியிருந்தால் பணமும் போயிருக்கும், சத்தமும் இருந்திருக்கும்.

அத்தான், காலை 11:46
புரிந்தது. நல்ல வேளை, ஆர்டர் போடவில்லை.

நான், காலை 11:50
அப்படியானால் வால் ஆடுவது?

சித்தப்பா, காலை 11:58
அது ஷாக்காக இருக்கலாம், சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்ஷாகவும் இருக்கலாம். ஒரே வண்டியில் இரண்டு மூன்று நோய் ஒன்றாக இருக்கும். டிக்கி மூலையை அழுத்திவிட்டுக் கையை எடு. மேலே எழும்பி, கொஞ்சம் தாழ்ந்து, நின்றுவிட வேண்டும். தொடர்ந்து ஆடினால் ஷாக் செத்துவிட்டது. ஆடாமல் நின்றால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று மட்டும் முடிவு செய்துவிடாதே. கை அழுத்தும் வேகம் வேறு, சாலை தட்டும் வேகம் வேறு. அதனால் டயரையும் பார். உள்ளங்கையால் சுற்றித் தடவு.

நான், மதியம் 12:15
வலது மூலை மூன்று முறை ஆடியது. இடது ஒன்றரை முறை. வலது டயரைத் தடவினால் அலை அலையாக மேடும் குழியும் தெரிகிறது.

சித்தப்பா, மதியம் 12:19
சக்கரம் தரையில் அழுந்தி உருளாமல் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. விழுந்த இடமெல்லாம் தேய்ந்திருக்கிறது. அண்ணா, இனி இந்த வண்டியை வெளியே எடுக்காதீர்கள். துள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை, அவசரமாக பிரேக் அடித்தால் வண்டி நிற்கும் தூரம் கூடும்.

அப்பா, மதியம் 12:30
சரிப்பா. எடுக்கவில்லை.

ஞாயிறு

நான், காலை 9:05
முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கிறேன். சக்கரங்களைக் கழற்றியாயிற்று.

சித்தப்பா, காலை 9:06
ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டாதே. ஸ்டாண்டில் நின்ற பிறகும் ஒருமுறை வண்டியை அசைத்துப் பார்.

நான், காலை 9:25
[புகைப்படம்]
சித்தப்பா, ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. கீழ்ச் சுற்றில் ஏறக்குறைய அரைச் சுற்று தனியாக, ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தில் கிடக்கிறது.

சித்தப்பா, காலை 9:33
பெரும்பாலும் அங்கேதான் உடையும். கீழ்க் கிண்ணத்தில் சேறும் தண்ணீரும் தங்கும், கல் உரசி பெயின்ட் போகும், அந்த இடத்தில் துரு பிடிக்கும். துரு அரித்த குழியிலிருந்து விரிசல் ஓடும். எடை ஏறினால் உடைந்த துண்டு அழுந்திக்கொண்டு சும்மா இருக்கும். எடை இல்லாதபோது துள்ளி "டொக்" என்று அடிக்கும். நீ கேட்ட சத்தம் இதுதான்.

அக்கா, காலை 9:36
இதோடு குழந்தையை அழைத்துக்கொண்டு போய்வந்திருக்கிறேன். நினைத்தாலே பகீர் என்கிறது.

சித்தப்பா, காலை 9:41
இந்த வண்டியில் ஸ்பிரிங் டயரிலிருந்து தள்ளி இருக்கிறது, அது கொஞ்சம் ஆறுதல். டயரை ஒட்டி ஸ்பிரிங் இருக்கும் வண்டிகளில் உடைந்த நுனி டயரைக் கிழித்துவிடும்.

நான், காலை 9:55
[புகைப்படம்]
வலது ஷாக், உடல் முழுக்க எண்ணெய் வழிந்து அதன்மேல் புழுதி ஒட்டியிருக்கிறது. இடதில் மேல்பக்கம் லேசான ஈரம் மட்டும்தான்.

சித்தப்பா, காலை 10:01
லேசான ஈரம் தவறில்லை. வழிந்தால்தான் தவறு. ஆனாலும் இரண்டையும் மாற்று. ஸ்பிரிங்கும் அப்படியே ஜோடியாகத்தான். ஒருபக்கம் புதிது, மறுபக்கம் 1,80,000 கி.மீ. ஓடியது என்றால் வண்டி இரண்டு மனதாக ஓடும். அப்புறம் பின் சக்கரங்களைத் தாங்கும் பீமின் முன்முனைகளில் இருக்கும் புஷ்ஷைப் பார். லிவரை வைத்து நெம்பிப் பார்.

நான், காலை 10:20
[புகைப்படம்]
இடது புஷ்ஷில் ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருக்கிறது. வலதிலும் வளைவாக ஒரு கிழிசல். ஆனால் இந்தப் புஷ் இரண்டும் போன வருஷம்தானே ஒரு பட்டறையில் மாற்றியது!

சித்தப்பா, காலை 10:24
மாற்றும்போது நீ கூட இருந்தாயா? போல்ட்டை இறுக்கும்போது சக்கரம் தரையில் இருந்ததா, தொங்கிக்கொண்டிருந்ததா?

நான், காலை 10:27
பக்கத்தில்தான் நின்றேன். லிஃப்டில் தூக்கிவைத்தே இறுக்கினார்கள். அப்புறம்தான் இறக்கினார்கள்.

சித்தப்பா, காலை 10:49
அதுதான் காரணம். பொறுமையாகப் படி. இந்த வண்டியின் பின்பக்கம் டார்ஷன் பீம். இரண்டு பக்கமும் இரண்டு கைகள், அவற்றை இணைக்கும் ஒரு குறுக்குப் பீம். அந்தக் கைகள் பாடியோடு சேரும் இடத்தில்தான் புஷ். புஷ் என்பது உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்பு வளையம், நடுவில் இரண்டோடும் ஒட்டவைத்த ரப்பர். போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் பாடியோடு கட்டிப்போட்ட மாதிரி நின்றுவிடும். அதன் பிறகு கை மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொள்ள வேண்டும். வண்டி சாதாரணமாக நிற்கும் உயரத்தில் இறுக்கினால் அந்த நிலையில் ரப்பருக்கு முறுக்கு இல்லை. பள்ளத்தில் கொஞ்சம் இந்தப்பக்கம், மேட்டில் கொஞ்சம் அந்தப்பக்கம். அவ்வளவே. சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டு இறக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுகி நிற்கும். ஈரத் துணியைப் பிழிந்து அப்படியே இரவும் பகலும் பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி. அதன்மேல் பள்ளமும் சேர்ந்தால் ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? நல்ல புஷ் பல வருஷம் வரும். இதை ஒரு வருஷத்தில் கொன்றுவிட்டார்கள். எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது.

அத்தான், காலை 10:55
இதுவரை யாருமே எனக்கு இப்படிச் சொன்னதில்லை. என் வண்டியிலும் கேட்டுப் பார்க்கிறேன்.

அப்பா, காலை 11:10
தம்பி, இவ்வளவு வேலை இருக்கிறதே. இந்தப் பழைய வண்டிக்குச் செய்யத்தான் வேண்டுமா?

சித்தப்பா, காலை 11:18
அண்ணா, அதற்கு ஒரே ஒரு பரிசோதனை. பீம் மாட்டியிருக்கும் இடத்தையும் ஸ்பிரிங்கின் மேல் கிண்ணத்தையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு உறுதியாக இருந்தால் செய்யலாம், இன்னும் பல வருஷம் ஓடும். குத்தினால் உள்ளே போகிறது என்றால் விட்டுவிடலாம்.

நான், காலை 11:35
எல்லா இடத்திலும் குத்தினேன். மேல்துரு மட்டும்தான், உள்ளே திடமாக இருக்கிறது.

சித்தப்பா, காலை 11:37
அப்போது செய்வோம். ஸ்பிரிங் இரண்டு, அதன் மேல்கீழ் ரப்பர், ஷாக் இரண்டு, பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது முட்டாமல் தடுக்கும் மெத்தை), புஷ் இரண்டு, புது லாக் நட்டுகள். வெள்ளி இரவே எல்லா போல்ட்டிலும் துருவை இளக்கும் எண்ணெய் அடித்துவை. புஷ் வேலையைத் தனியாகச் செய்யாதே. சனிக்கிழமை நான் வருகிறேன்.

அடுத்த சனி

அக்கா, காலை 11:30
வேலை எப்படிப் போகிறது?

நான், மதியம் 12:40
ஸ்பிரிங் வெளியே வந்துவிட்டது. பீமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, அதன்பிறகே ஷாக்கின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றினோம். பீம் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருப்பதே ஷாக்தான் என்று சித்தப்பா காட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடாமல் பார்த்துக்கொண்டே மெதுவாக இறக்கினோம். ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்தது. பழைய பம்ப் ஸ்டாப் தொட்டதும் தூளாக உதிர்ந்தது.

அத்தான், மதியம் 12:44
ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி வேண்டாமா?

நான், மதியம் 12:47
ஸ்பிரிங் தனியாக, ஷாக் தனியாக இருப்பதால் இதில் வேண்டியிருக்கவில்லை. ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கும் வண்டி என்றால் கருவி இல்லாமல் மேல் நட்டைத் தொடவே கூடாது, உயிருக்கே ஆபத்து என்கிறார் சித்தப்பா.

நான், பிற்பகல் 3:15
புஷ் இரண்டும் ஏறிவிட்டன. இதற்குத்தான் இவ்வளவு நேரம். பழையதை எடுப்பதற்கு முன்பே சித்தப்பா பீமின்மேல் பெயின்ட்டால் கோடு போட்டுவிட்டார். புஷ்ஷின் ரப்பரில் இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன, அவை எந்தத் திசையில் இருந்தனவோ அதே திசையில்தான் புதியதும் உட்கார வேண்டுமாம். திசை மாறினால் வால் ஆட்டம் போகவே போகாது.

அப்பா, பிற்பகல் 3:20
நான் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஷாக்கை மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு முறை அமுக்கி இழுத்தான் என் தம்பி. படுத்துக் கிடந்த ஷாக்கில் எண்ணெய்க்குள் காற்று புகுந்திருக்குமாம், அதை மேலே விரட்டவேண்டுமாம்.

நான், மாலை 4:50
இப்போது கடைசிக் கட்டம். புஷ் போல்ட், ஷாக்கின் கீழ் போல்ட் எல்லாம் கையிறுக்கத்தில் இருக்கின்றன. ஜாக்கியால் பீமின் கையைத் தூக்கி, சக்கர நடுவிலிருந்து பாடி விளிம்பு வரை 378 மி.மீ. வந்ததும் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கப் போகிறோம்.

அத்தான், மாலை 4:53
முதலில் 374 என்றாயே?

நான், மாலை 4:58
நானும் அதைத்தான் கேட்டேன். 374 களைத்துப்போன பழைய ஸ்பிரிங்கின் அளவு. அதை வைத்து இறுக்கினால் மறுபடியும் தப்பான உயரத்தில் கட்டிப்போட்டதாகிவிடும். 378 சர்வீஸ் மேனுவலில் இருக்கும் அளவு.

ஞாயிறு

அக்கா, காலை 8:40
நானே ஓட்டிப் பார்த்தேன். அதே சாலை, அதே மேடுபள்ளம். டொக் என்ற சத்தமே இல்லை! வளைவில் வண்டி ஒரே உடம்பாகத் திரும்புகிறது. ஆனால் கொஞ்சம் வேகம் எடுத்தால் "ஊம்" என்று ஒரு ரீங்காரம் கேட்கிறது.

சித்தப்பா, காலை 8:52
அது அலை அலையாகத் தேய்ந்த டயராகத்தான் இருக்கும். ஷாக் புதிதானாலும் டயரின் தேய்மானம் திரும்பி வராது. எதற்கும் சக்கரத்தின் பேரிங்கைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பார்த்துவிடு தம்பி. சக்கரத்தைத் தூக்கி, ஒரு கையை ஸ்பிரிங்கின்மேல் வைத்து, மறுகையால் சக்கரத்தைச் சுழற்று. பேரிங் கெட்டிருந்தால் அந்தக் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும்.

நான், காலை 9:30
சுழற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வழுவழுப்பாகச் சுற்றுகிறது. டயர்தான்.

சித்தப்பா, காலை 9:34
அப்போது டயரை மாற்றிவிட்டு வீல் அலைன்மென்ட் பார். பின்பக்கம் திருத்த இதில் வழி இல்லை, ஆனாலும் நான்கு சக்கரமும் அளக்கச் சொல். பீம் ஒருபக்கம் விலகியிருந்தால் வண்டி நண்டு மாதிரி நடக்கும், ஸ்டியரிங் நேராக நிற்காது. சில நாள் ஓடியதும் போல்ட்டுகளை இன்னொரு முறை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்.

நான், காலை 9:36
சரி சித்தப்பா. உயரம் இன்று காலை அளந்தேன். இடது 378, வலது 377.

அப்பா, காலை 9:41
அம்மாவும் நானும் பின்சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வந்தோம். அவள் கண்ணயர்ந்துவிட்டாள்.