மறுமொழி: முரட்டு அலை, பேரலை, மீறலை…

குழுவினர் எல்லோருக்கும் முல்லைத்தீவிலிருந்து வணக்கம்.

ஆங்கிலத்தில் rogue wave என்னும் கடலலைக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம் அல்லவா, வந்த சொற்களில் முதலில் 'மீறலை'யை முடித்துவிடுவோம். தம்பி, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மதுரையில் இருந்துகொண்டு நீங்கள் இதை முன்மொழிந்ததுதான் வேடிக்கை. உங்கள் ஊர்ப் பேச்சில் 'அவன் எல்லை மீறலை' என்றால் மீறவில்லை என்றுதானே பொருள்? சுற்றியுள்ளதை எல்லாம் மீறி எழும் அலைக்கு 'மீறவில்லை' என்றா பெயர் வைப்பது! 'விஞ்சலை', 'மிஞ்சலை' என்று எதை எடுத்தாலும் இதே கதிதான்.

'பேரலை' வேண்டவே வேண்டாம். இங்கே பேரலை என்றால் 2004 டிசம்பர் 26. பிள்ளைகளுக்கு வேறு எதுவும் நினைவுக்கு வராது. இயற்பியலும் வேறு. சுனாமி கடலடித் தரை அசைவதால் பிறப்பது. ஆழ்கடலில் ஒரு மீற்றர்கூட உயராமல் வள்ளத்துக்கு அடியால் போய்விடும், கரைக்கு வந்துதான் எழும்பும். நாம் பெயர் தேடும் அலையோ காற்று கிளப்பிய வழக்கமான அலைகளுக்குள்ளேயே பிறந்து, நடுக்கடலில் திடீரென்று எழுந்து, கொஞ்ச நேரத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது.

'அரக்க அலை', 'முரட்டு அலை' இரண்டும் பருமனைத்தான் சொல்கின்றன. வரைவிலக்கணத்தில் பருமனே இல்லையே! அந்த நேரத்தில் வரும் அலைகளில் உயர்ந்த மூன்றிலொரு பங்கை எடுத்து அவற்றின் சராசரி உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். அதைப்போல் இரு மடங்குக்கு மேல் போனால்தான் இந்தப் பெயர். 1995 ஜனவரி 1இல் வடகடலில் நோர்வேயின் ட்ராப்னர் எரிவாயு மேடையில் லேசர் கருவி பதிந்த அலை 25.6 மீற்றர். மாலுமிகள் சொன்னதை அதுவரை கட்டுக்கதை என்று தள்ளியவர்கள் வாயடைத்தது அதனால்தான். ஆனால் அன்று அங்கே அந்தச் சராசரியே கிட்டத்தட்ட 12 மீற்றர். 2020 நவம்பரில் கனடாவின் வான்கூவர் தீவுக்கு அப்பால் ஒரு மிதவை பதிந்ததோ 17.6 மீற்றர்தான், சுற்றியிருந்த அலைகள் 6 மீற்றரளவு. சிறிய அலை, ஆனால் பெரிய மீறல். 'அரக்கன்' என்றால் இந்த இரண்டாவது அலை தோற்றுப்போகும்.

சரி, என் சொல்: 'தனியன் அலை'.

வன்னியில் தனியன் என்றால் யானை. கூட்டத்தை விட்டு விலகித் திரியும் ஆண் யானை. ஒட்டுசுட்டான் பக்கம் இரவில் சைக்கிளில் போனால், "தனியன் ஒண்டு இறங்கியிருக்கு, பாத்துப் போங்கோ" என்று யாராவது மறிப்பார்கள். யானை எத்தனை அடி என்று ஒருவரும் கேட்பதில்லை. தனியன் என்ற ஒரு சொல்லே போதும், யானை வெடியைத் தேடுவார்கள். ஆங்கிலத்தில் இந்த அலைக்கு உள்ள rogue என்ற அடைமொழியும் கூட்டம் பிரிந்த யானைக்குச் சொல்வதுதான். நாம் மொழிபெயர்க்கவே தேவையில்லை, காட்டிலிருந்து கடலுக்குக் கொண்டுபோனால் போதும்.

மதுரைத் தம்பியின் மறுமடல்:

"மீறலையைத் திரும்பப் பெறுகிறேன் ஐயா, வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் இங்கே தனியன் என்றால் பாசுரத்துக்கு முன் ஓதும் வாழ்த்துச் செய்யுள். அது போகட்டும். வடிவம் குலையாமல் தனியாக ஓடும் சொலிட்டன் (soliton) என்ற அலையைச் சிலர் 'தனியலை' என்கிறார்களே, குழம்பாதா? அப்புறம், இந்த அலை உண்மையிலேயே தனியாகத்தான் பிறக்கிறதா?"

தம்பிக்கு,

செய்யுளால் குழப்பம் வராது, கடலில் யாரும் பாசுரம் தேடப்போவதில்லை. சொலிட்டன் விடயம்தான் இடிக்கிறது. திடீரென்று எழுந்து மறையும் அலை ஒன்றைப் பெரிகிரின் என்ற கணிதவியலாளர் 1983இல் கணக்கில் காட்டினார், 2011இல் வேறு ஆய்வாளர்கள் அதை நீர்த்தொட்டியில் உண்டாக்கிக் காட்டினார்கள்; அதற்கும் சொலிட்டன் என்ற பெயரை ஒட்டியிருக்கிறார்கள். ஆகவே சொலிட்டனைச் சொலிட்டன் என்றே விட்டுவிடுவோம்.

உங்கள் கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. தனியாகப் பிறப்பதில்லை. வெவ்வேறு வேகத்தில் வரும் அலைகளின் முகடுகள் ஓரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறலாம். ட்ராப்னர் அலையை 2019இல் எடின்பரோவின் வட்டத் தொட்டியில் திரும்ப எழுப்பியபோது, இரண்டு அலைத்தொகுதிகளை ஏறக்குறைய 120 பாகையில் குறுக்கிட விட்டார்கள். தென்னாபிரிக்கக் கரையோரம் அகுல்யாஸ் நீரோட்டம் எதிர்த்து வரும் அலைகளை நெருக்கிக் குத்தாக்குகிறது. எனக்குப் பிடித்தது 1967இல் பெஞ்சமின், ஃபெயர் (Feir) என்ற இரு ஆய்வாளர்கள் காட்டிய வழி: சீராகப் போகும் அலைவரிசை தானாகவே குலைந்து, ஓர் அலை பக்கத்து அலைகளின் ஆற்றலை இழுத்துக் கொழுக்கும். தனியனும் கூட்டத்தில் பிறந்து பால் குடித்து வளர்ந்ததுதானே.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. அந்த மூன்றிலொரு பங்குச் சராசரிக்குச் சொல் தாருங்கள். 'முக்கிய அலையுயரம்' என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெடியன், "அப்ப முக்கியமில்லாத உயரம் எது சேர்?" என்கிறான்.