ரொட்டி பாயின் 555 புத்தகம்

சுங்கை சிப்புட்டிலிருந்து (பேராக், மலேசியா):

முதல் வேலையில் தொழில் சொல்லிக்கொடுத்தவரைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். எனக்கு அது ரொட்டி பாய்.

1986. மூன்றாம் படிவத்துத் தேர்வான எஸ்.ஆர்.பி. எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். முந்தைய ஆண்டு ஈய விலை விழுந்து பேராக்கில் ஈயச் சுரங்கங்கள் மூடிக்கொண்டிருந்தன. ரப்பர் விலையும் படுத்துக் கிடந்தது. பட்டணத்தில் யார் வேலை கொடுப்பார்கள்? லிந்தாங் சாலைத் தோட்டங்களுக்கு மோட்டாரில் ரொட்டி கொண்டுபோன இராமநாதபுரத்துப் பாய் ஒருவர், உள்ளே இருந்த லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளுக்கு, சைக்கிளில் போய்க் கொடுக்க ஆள் தேடினார். நாளுக்கு நான்கு வெள்ளி (ரிங்கிட்). "படிச்ச பிள்ளை ரொட்டி விக்கப் போறதா?" என்று அம்மா அழுதார்.

எல்லாம் கடன் வியாபாரம்தான். வீட்டுக்கு ஒரு 555 புத்தகம் உண்டு, கடன் கணக்கு எழுதும் சின்ன நோட்டு, சட்டைப்பையில் அடங்குமே, அதேதான். சம்பள நாளன்று கணக்குத் தீர்ப்பார்கள். பாயிடம் மட்டும் இன்னொரு 555 இருந்தது. அதில் ஆள் பெயரே இருக்காது, தேதியும் சில தேதிகளுக்கு நேராக ஒரு சுழியும்தான். இரண்டு மாதம் கழித்துத்தான் கேட்டேன்.

"விடியக்காலம் மழை பேஞ்ச நாளு தம்பி."

ரப்பர் மரம் நனைந்தால் வெட்டுப்பட்டையை விட்டுப் பால் வழிந்தோடிவிடும், பால் பிடிக்கும் மங்குக்கு வந்து சேராது. வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. இருபதாம் தேதி பாய் சுழிகளை எண்ணுவார். ஆறு ஏழு தாண்டிவிட்டால் கேக், பிஸ்கட்டைக் குறைத்து வெறும் ரொட்டியாக ஏற்றுவார். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை உதிர்த்துப் பால் வற்றும் சமயத்திலும் அப்படியே. எந்த வீட்டுக்கு எவ்வளவு வரும் என்பது அந்த வீட்டுக்காரருக்கு முன்பே அவருக்குத் தெரியும். அதற்குமேல் கடன் ஏற விடமாட்டார். "அவங்களால கட்ட முடியாததைக் குடுத்தா அது நம்ம தப்பு" என்பார்.

ஒரு வீட்டில் 38 வெள்ளி நின்றது. ஹார்ன் சத்தம் கேட்டதும் அந்த அக்கா கதவைச் சாத்திக்கொள்வார். நான் அந்த வீட்டைத் தாண்டிப் போக ஆரம்பித்தேன். பாய்க்குத் தெரிந்ததும் வந்த கோபத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. அவரே காலை இழுத்து இழுத்து நடந்து போய்த் திண்ணையில் ஒரு ரொட்டியை வைத்து, "கணக்கு கெடக்கட்டும்மா, பிள்ளைங்க சாப்பிடட்டும்" என்றார். திரும்பி வரும்போது என்னிடம், "ஒளிய விட்டா காசும் போச்சு, வீடும் போச்சு. பேச்சு விட்டுப்போகக் கூடாது" என்றார். அந்தக் கணக்கு தீர ஐந்து மாதம் ஆனது. தீர்ந்தது.

ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டம் வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். பாய் அதை அடிக்கடி எடுத்துச் சொல்வார். தோட்டத்து ஆள் ஏமாற்றுவான் என்று யாராவது பேசினால் அவருக்கு இதுதான் பதில்.

இப்போது நான் முறுக்கும் கச்சான் பூத்தே என்கிற கடலைத் தீனியும் பொட்டலம் போட்டுக் கடைகளுக்கு அனுப்புகிறேன். 2020 மார்ச் 18 அன்று கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நாற்பது கடைகள் எனக்குப் பாக்கி. முதலில் யாரை அழைத்தேன் தெரியுமா? பெரிய கடைகளை அல்ல, போனை எடுக்காமல் இருந்த சின்னக் கடைகளை. "காசு பிறகு, சரக்கு என்ன வேண்டும்?" என்றுதான் பேச்சை ஆரம்பித்தேன். மூன்று கடைகள் மூடிவிட்டன. மற்றவை இன்றும் என்னிடம்தான் வாங்குகின்றன.

பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து:

தம்பி, எங்கள் வீட்டிலும் 555 இருந்தது. அம்மா அதை அரிசி டின்னுக்குள் வைத்திருப்பார்.

என் முதல் வேலை ஒட்டுப்பால், அதாவது உறைந்த ரப்பர் பால்கட்டி, வாங்கும் சீனர் கடையில். தவுக்கேயின் (முதலாளியின்) தாயார்தான் தராசில் நிற்பார். மலாயில்தான் பேசுவோம். மூட்டையைத் தூக்கிப் பார்க்கும் முன் கட்டியை விரலால் அமுக்குவார், முகர்வார். புதுக்கட்டியில் பாதிக்குப் பாதி தண்ணீர்கூட இருக்கும். தண்ணீருக்குக் காசு கொடுத்தால் கடை நிற்காது, தண்ணீர் என்று சொல்லி அதிகம் வெட்டினால் ஆள் மறுபடி வரமாட்டார். அந்த இரண்டுக்கும் நடுவில் விரலை நிறுத்த எனக்கு ஒரு வருடம் பிடித்தது. இன்று அப்பளம் போடுகிறேன். காய்ந்த பிறகுதான் நிறுக்கிறேன், விலையும் அப்புறம்தான். அமுக்கிப் பார்க்காமல் ஒரு மூட்டை உளுந்தும் உள்ளே வராது.

பாய் இப்போது எங்கே?

சுங்கை சிப்புட்டிலிருந்து:

அக்கா, அவர் 1993இல் ஊருக்குப் போனார், பிறகு அங்கேயே மவுத்தாகிவிட்டார். அந்தச் சுழிப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. லிந்தாங் சாலையில் நான் ரொட்டி கொடுத்த லயங்கள் இல்லை, எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் நிற்கிறது.

நீங்கள் உளுந்து யாரிடம் வாங்குகிறீர்கள்? தீபாவளி முறுக்குக்கு எனக்கும் வேண்டும். போன வாரம் வந்த மூட்டையை நான் அமுக்கிப் பார்க்கவில்லை.