காசிமேட்டுல உக்காந்து பனிமலை ஆயில் பெயிண்டிங் காப்பி பண்றது எப்டி?

காசிமேடு_கலர்: இதுவரைக்கும் போஸ்டர் கலர்தான், இப்ப ஆயில் கத்துக்கலாம்னு ஜெர்மன் ஓவியர் ஃபிரீட்ரிக்கோட வாட்ஸ்மன்ங்கிற பனிமலை படத்த எடுத்து வெச்சிருக்கேன், நேர்ல பாத்த மலைன்னா திருப்பதிதான். எங்க ஆரம்பிக்கணும், தூரத்து மலை முன்னாடி வந்து ஒட்டிக்காம இருக்க என்ன வழி? வீடு ஒத்த ரூம், பெயிண்ட கரைக்கிற டர்பன்டைன் வாசனைக்கே அம்மா கத்துவாங்க.

பெரம்பூர்_பிரஷ்: மலைய பாக்கலன்னு கவலப்படாத தம்பி, ஃபிரீட்ரிக்கே வாட்ஸ்மன நேர்ல பாத்ததில்ல, அவரோட மாணவர் வரைஞ்ச வாட்டர்கலர வெச்சுதான் 1824-25ல போட்டாரு. மொதல்ல பர்ன்ட் அம்பர்ங்கிற கரும்பழுப்ப டர்பன்டைன்ல தண்ணியா கரைச்சு வெளிச்சம் இருட்டு மட்டும் போடு, காஞ்சதும் வானம், அப்புறம் பின்னாடி மலை, கடைசியாதான் முன்னாடி பாறை. தூரத்து நிழலுக்கு கறுப்பு வேணவே வேணாம், அல்ட்ராமரைன் நீலத்துல கொஞ்சம் பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பு, நல்லா வெள்ளை. முன்பாறைக்கும் அதே கலருங்கதான், வெள்ளைய கொறைச்சுக்கோ. பனிய சும்மா வெள்ளையா அப்பிடாத பா, வெயில் படற பக்கம் துளி ஓக்கர் மஞ்ச சேத்துக்கோ.

வியாசை_அக்கா: மேல போற லேயர்லதான் லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) ஜாஸ்தி இருக்கணும், மாத்தி போட்டா பின்னாடி பெயிண்ட்ல விரிசல் விடும். ஆயில் ஆவியாகி காயாது, ஆக்சிஜன இழுத்துதான் இறுகும், அதனால காத்தோட்டமா வை. எண்ணெய் துணிய சுருட்டி போட்டுடாத, தானா தீப்புடிக்கும், விரிச்சு காயப்போடு.

காசிமேடு_கலர்: தேங்க்ஸ்க்கா, தீ மேட்டர் தெரியவே தெரியாது! பிரஷ் கழுவ?

வியாசை_அக்கா: சமையல் எண்ணெய்ல அலசிட்டு சோப்பு போடு, அம்மா கத்தமாட்டாங்க, எண்ணெய் வெலைக்கு வேணா கத்துவாங்க 😂