வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தும் வங்கி கடன் தர மறுக்கிறது: இறந்துபோன மகளின் மைனர் பெண்ணுக்குப் பங்கு உண்டா?

திருநகர்வாசி (கேள்வி):
மதுரையில் இரண்டேமுக்கால் சென்ட் மனையில் உள்ள பழைய வீடு ஒன்றை 62 லட்சம் ரூபாய்க்கு விலை பேசி, 3 லட்சம் ரூபாய் முன்பணத்தைக் காசோலையாகக் கொடுத்து, ஆறு மாதக் கெடு வைத்து முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதியிருக்கிறோம். ஒப்பந்தம் பதிவு செய்யப்படவில்லை. விற்பவர்கள் அண்ணன், தம்பி, அவர்களுடைய தாயார் ஆகிய மூவர். அவர்களுடைய தந்தை 1988இல் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கிய வீடு இது. அவர் உயில் எழுதாமல் 2014இல் காலமானார். பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது.

1985 முதல் இன்றுவரை வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்ததில் அந்த 1988 கிரயத்தைத் தவிர வேறு எந்தப் பதிவும் இல்லை. வாரிசுச் சான்றிலும் இந்த மூவர் பெயர்தான் இருக்கிறது. ஆனால், வங்கியின் பேனல் வழக்கறிஞர் பழைய ரேஷன் அட்டை நகலில் ஐந்தாவது வரியில் இருந்த ஒரு பெண்ணின் பெயரைச் சுட்டி, இவர் யார் என்று எழுதிக் கேட்டுவிட்டார். விசாரித்ததில், அவர் விற்பவர்களின் சகோதரி என்றும், தந்தைக்கு முன்பே 2011இல் இறந்துவிட்டார் என்றும், அவருடைய பதினாறு வயது மகள் திண்டுக்கல்லில் தன் தந்தையுடன் வசிக்கிறாள் என்றும் தெரியவந்தது.

சகோதரிக்குத் திருமணத்தின்போதே நாற்பது பவுன் போட்டு எல்லாம் செய்து முடித்துவிட்டதால் அந்த வழியில் பங்கு கிடையாது என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். பிற்காலத்தில் பிரச்சினை வந்தால் தாங்களே பொறுப்பு என்று உறுதிப் பத்திரம் ஒன்று வாங்கிக்கொண்டு கிரயத்தை முடித்துவிடலாம் என்கிறார் தரகர். இதில் எது சரி?

பதில் 1 – கூடல்நகரான்:
முதலில் பட்டாவை மூவர் பெயருக்கும் மாற்றச் சொல்லுங்கள். பட்டா மாறிவிட்டால் வங்கி ஒப்புக்கொள்ளும் என்று நினைக்கிறேன்.

பதில் 2 – வழக்கறிஞர், மதுரை:
முதல் பதிலை மறுக்க வேண்டியிருக்கிறது. பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவேடு. அது உரிமையை உண்டாக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றும் அப்படித்தான்: விண்ணப்பத்தில் ஒரு பெயரைச் சொல்லாமல் விட்டதனால் அந்த நபரின் பங்கு போய்விடாது.

தங்களை நம்பவைத்தது வில்லங்கச் சான்று என்று தெரிகிறது. அந்தச் சான்று பதிவு செய்யப்பட்ட பத்திரங்களைத்தான் காட்டும். ஒருவர் இறந்து அவருடைய சொத்து வாரிசுகளுக்கு இறங்கும்போது எந்தப் பத்திரமும் பதிவாவதில்லை. ஆகவே அந்த மாற்றம் சான்றில் வர வழியே இல்லை. சொத்து கடைசியாக ஒரு தனிநபர் பெயரில் நின்று, அவர் காலமாகியிருந்தால், அதற்குப் பிறகு பார்க்க வேண்டியது அந்தக் குடும்பத்தில் யார் யார், எந்த ஆண்டில் இறந்தார்கள் என்பதை.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் தனிச்சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சமமாகப் போகும். அவருக்கு முன்பே இறந்த மகள் இருந்தால், அந்த மகளுக்குரிய ஒரு பங்கு அவளுடைய பிள்ளைகளுக்குச் சேரும். எனவே திண்டுக்கல்லில் இருக்கும் அந்தப் பெண் முதல் வகுப்பு வாரிசு. நாற்பது பவுன் போட்டது சீர். அது பாகம் ஆகாது. சகோதரி அன்றே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தாலும்கூட, தந்தை உயிரோடு இருந்தபோது அவருடைய தனிச்சொத்தில் மகளுக்கு விட்டுக்கொடுக்க உரிமை ஏதும் இருக்கவில்லை.

உறுதிப் பத்திரம் நஷ்டஈடு கேட்பதற்கு உதவுமே தவிர, விற்பவர்களிடம் இல்லாத பங்கைத் தங்களுக்கு வாங்கித் தராது. வங்கியும் அதை ஏற்காது.

பதில் 3 – கூடல்நகரான்:
விளக்கத்துக்கு நன்றி, ஐயா. அப்படியானால் அந்தப் பெண்ணின் தந்தை காப்பாளராகக் கையெழுத்திட்டால் போதாதா? மைனர் பங்குக்கு நீதிமன்ற அனுமதி தேவையில்லை என்று எங்கள் உறவில் ஒருவருக்கு வக்கீல் சொல்லியிருந்தார்.

பதில் 4 – வழக்கறிஞர், மதுரை:
பிரிக்கப்படாத கூட்டுக்குடும்பச் சொத்தில் மைனருக்கு உள்ள பங்கைக் குடும்பத் தலைவர் குடும்பத் தேவைக்காக விற்கும்போது அப்படி ஒரு நிலை உண்டு. இங்கே விற்பவர்களுடைய தந்தையின் தனிச்சொத்து வாரிசுரிமைச் சட்டப்படி தனித்தனிப் பங்காக இறங்கியிருக்கிறது. தாய்மாமன்கள் அந்தப் பெண்ணுக்குக் குடும்பத் தலைவர்களும் அல்லர். ஆகவே 1956ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆம் பிரிவு பொருந்தும். பெண்ணின் தந்தை இயற்கைக் காப்பாளரே ஆனாலும், நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் மைனரின் அசையாச் சொத்தை விற்க முடியாது. விற்றால், அந்தப் பெண் பதினெட்டு வயது நிரம்பியதிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டு அந்த விற்பனையை ரத்து செய்துகொள்ளலாம்.

பதில் 5 – ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்:
எல்லோரும் பேத்தியைப் பற்றியே பேசுகிறீர்கள். 2014இல் தந்தை காலமானபோது அவருடைய தாயார், அதாவது விற்பவர்களின் அப்பத்தா, உயிரோடு இருந்தாரா? நான் பத்திரம் எழுதிய காலத்தில் மகள்களைக்கூட யாராவது நினைவுபடுத்திவிடுவார்கள். இறந்தவருடைய தாயாரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

திருநகர்வாசி:
ஐயா, தங்கள் கேள்வியை அப்படியே கேட்டேன். அப்பத்தா 2019இல்தான் காலமாகியிருக்கிறார், உயில் இல்லை. அவருடைய கணவர் வெகு காலத்துக்கு முன்பே இறந்துவிட்டார். தந்தையுடன் பிறந்த ஒரு தம்பியும் ஒரு தங்கையும் இருக்கிறார்கள். இருவரும் உள்ளூரிலேயே இருக்கிறார்கள். தங்களுக்கு இதில் பங்கு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

பதில் 6 – வழக்கறிஞர், மதுரை:
அப்படியானால் கணக்கு மாறுகிறது. 2014இல் சொத்து நான்காக அல்லாமல் ஐந்தாகப் பிரிந்திருக்கிறது: தாயார், இரு மகன்கள், பேத்தி, அப்பத்தா. 62 லட்சத்தில் ஒரு பங்கு 12 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். அப்பத்தாவின் பங்கு 2019இல் அவருடைய பிள்ளைகள் மூவர் வழியாகப் பிரிந்தது. அதில் மூன்றில் ஒரு பாகம்தான் மறைந்த மகனின் பிள்ளைகள் என்ற முறையில் விற்பவர்களுக்கு வரும்; சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் ஆளுக்கு 4 லட்சத்து 13 ஆயிரம் ரூபாய் அளவில் உரிமை இருக்கிறது.

அவர்கள் இருவரும் தனியாக விடுதலைப் பத்திரம் எழுதித் தரத் தேவையில்லை; கிரயப் பத்திரத்திலேயே விற்பவர்களாகச் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும். வேறு எவரும் கையெழுத்திடாமல் விடுபடவில்லை என்பதற்கு, அப்பத்தாவின் வாரிசுச் சான்றையும் தனியாக வாங்கிவிடுங்கள்.

திருநகர்வாசி:
வீடு பிடித்திருப்பதால் விட மனமில்லை. பெண்ணின் தந்தையும் தன் மகளின் பங்கை முறைப்படி கொடுத்தால் மனுப் போடச் சம்மதிக்கிறார். ஒப்பந்தக் கெடு முடிய இரண்டு மாதமே இருக்கிறது. இப்போது நான் என்ன வரிசையில் செய்ய வேண்டும்?

பதில் 7 – வழக்கறிஞர், மதுரை:
முதல் வேலை, பழைய ஒப்பந்தத்தை மாற்றிப் புதிதாக எழுதுவது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். இந்த முறை சார்பதிவாளர் அலுவலகத்திலேயே பதியுங்கள். பங்குதாரர்கள் அனைவரும் அதில் இருக்க வேண்டும். மைனரின் பங்கு நீதிமன்ற அனுமதிக்கு உட்பட்டது என்றும், குறிப்பிட்ட காலத்துக்குள் அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்றும் ஷரத்து எழுதுங்கள். அதுவரை மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அனுமதி மனுவைச் சொத்து அமைந்துள்ள எல்லைக்குரிய நீதிமன்றத்தில் போட வேண்டும். பெண் திண்டுக்கல்லில் வசித்தாலும் மனு மதுரையில்தான். விற்பது தேவையா, மைனருக்குத் தெளிவான நன்மையா என்பதையே நீதிபதி பார்ப்பார். வீடு பழுதடைந்திருப்பது, அதை ஐந்து பங்காக உடைத்துப் பிரிக்க முடியாதது, பெண்ணின் மேற்படிப்புச் செலவு ஆகியவற்றை ஆதாரத்துடன் சொல்லுங்கள். விலையும் அங்கே ஆராயப்படும் என்பதால், பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாகக் கைமாற்றும் பேச்சுக்கு இடமே இல்லை. முழு 62 லட்சத்துக்கும் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5 லட்சத்து 58 ஆயிரம் ரூபாயைத் தாங்கள் ஒதுக்கி வைக்க வேண்டும்.

பெண்ணுக்குப் பதினெட்டு நிரம்பும்வரை காத்திருப்பதும் ஒரு வழிதான். ஆனால் அன்று அவள் விற்க விருப்பமில்லை என்று சொன்னால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. விலையும் இதே விலையாக நிற்காது. தந்தை சம்மதிக்கும் நிலையில் நான் மனுவையே தேர்ந்தெடுப்பேன்.

பதில் 8 – ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்:
பணம் கொடுக்கும் முறையைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். மைனரின் பங்குத் தொகையை, அவள் மேஜராகும்வரை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடுவது வழக்கம். கடன் கொடுக்கும் வங்கியிடம் அந்தப் பங்குக்குத் தனி டிமாண்ட் டிராஃப்ட் கேளுங்கள். மாமன்மார் பெயரில் மொத்தமாக வாங்கிக் கொடுத்து, அவர்கள் பிரித்துக் கொடுப்பார்கள் என்று விடாதீர்கள்.

சொத்தின் மொத்த விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் 1 சதவீத வருமான வரியைத் தாங்களே பிடித்துக் கட்ட வேண்டும். ஒவ்வொருவர் பங்கும் 50 லட்சத்துக்குக் குறைவுதானே என்ற வாதம் 2024 அக்டோபர் முதல் செல்லாது. விற்பவர் ஒவ்வொருவருடைய பான் எண்ணிலும் தனித்தனியாகக் கட்ட வேண்டும் என்பதால், அந்தப் பெண்ணுக்கு இப்போதே மைனர் பான் அட்டை வாங்கச் சொல்லுங்கள். அவள் பங்கில் 12,400 ரூபாய் வரியாகப் பிடிக்கப்படும் என்பதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால், உத்தரவிட்ட தொகைக்கும் வைப்பில் போட்ட தொகைக்கும் ஏன் வித்தியாசம் என்று பின்னால் கேள்வி வரும்.