'ஸ்டேக்ஹோல்டர்' என்பதற்கு 'உறுநர்' பொருந்துமா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

சாலைத் திட்டக் கையேட்டில் 'ஸ்டேக்ஹோல்டர்' (ஒரு திட்டத்தால் நன்மையோ தீமையோ அடையக்கூடியவர்) வருமிடமெல்லாம் 'பங்குதாரர்' என்றே போட்டுவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். என் மனம் ஒப்பவில்லை. பங்குதாரர் முதல் போட்டவர், இலாபத்தில் பங்கு கேட்பவர். சாலைக்காகத் தன் கிணற்றை இழப்பவர் எதில் பங்குதாரர்? 'பயனாளி' அவருக்கு இன்னும் கொடுமையான பெயர். 'பாதிக்கப்படுவோர்' என்றாலோ, அதே சாலையில் போகப்போகும் பஸ் பயணியும் லாரி ஓட்டுநரும் வெளியே நின்றுவிடுகிறார்கள்.

சொல் குறுகினால் ஆளே விடுபட்டுப்போவார். சென்னை–சேலம் எட்டு வழிச் சாலையை நினைத்துப் பாருங்கள். 277 கி.மீ. நீளம், ஐந்து மாவட்டங்கள், சுமார் 10,000 கோடி ரூபாய். 2018-இல் நிலமெடுப்புக்காக அளந்து வயலில் முட்டுக்கல் நட்டார்கள். விவசாயிகள் பிடுங்கிப் போட்டார்கள். 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் ஆட்சேபம் சொல்ல 21 நாள் தருகிறது. அதுவும் நிலத்தில் உரிமையோ நலனோ உள்ளவருக்குத்தான். அந்த வயலில் களையெடுத்துப் பிழைக்கும் பெண் அந்த வரையறைக்குள் வருவதில்லை. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் வழிவிட்டது. ஆனால் நிலத்தை எடுக்கப்போகிறோம் என்ற வெறும் அறிவிக்கையை வைத்தே வருவாய்த்துறைப் பதிவேட்டில் நில உரிமையாளர் பெயரை மாற்றியது தவறு என்பதில் இரண்டு நீதிமன்றங்களும் ஒத்துப்போயின. முன்கூட்டியே ஊரில் உட்கார்ந்து பேசியிருந்தால் பாதை கொஞ்சம் விலகியிருக்கலாம், இழப்பீடு மாறியிருக்கலாம், வேண்டாம் என்றே முடிவாகியிருக்கலாம். எதுவானாலும் இரண்டரை ஆண்டுகள் வழக்கில் கரைந்திருக்காது என்றே நம்புகிறேன்.

அதனால் 'உறுநர்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். 'உறு' என்ற வேர் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. துன்பமும் உறலாம், நலமும் உறலாம். தீங்கைச் சொல்லும் 'ஊறு', நன்மையைச் சொல்லும் 'உறுதி' இரண்டும் அதிலிருந்து கிளைத்தவையே. நிலம் இழப்பவரையும் பயணநேரம் மிச்சப்படுபவரையும் ஒரே சொல் தாங்கும். திருமுருகாற்றுப்படையில் 'உறுநர்' தஞ்சம் அடைந்தவரைக் குறிக்கிறதே என்பீர்கள். உண்மைதான், ஆனால் இன்று வழக்கொழிந்த பொருள் அது, குழப்பம் வராது.

இவர்களோடு தொடர்ந்து பேசி முடிவில் இடம் தருவதைச் சொல்லும் 'என்கேஜ்மெண்ட்' என்பதற்கு 'கருத்துக்கேட்பு' போதாது. கருத்துக்கேட்புக் கூட்டம் ஒருநாள் பந்தலோடு முடிந்துவிடுகிறது. கேட்டவர் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் அந்தச் சொல்லில் இல்லை. 'உடன்படுத்தல்' என்ற யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். முடிவை முன்பே எடுத்துவிட்டுச் சம்மதம் வாங்குவதுபோல் ஒலிக்கிறது. 'உறுநர் உரையாடல்' என்று வைக்கலாம். உரையாடலுக்கு இரண்டு வாய், நான்கு காது வேண்டும்.

ஒன்றுதான் இன்னும் தெளியவில்லை. ஒப்பந்ததாரரையும் நெடுஞ்சாலைத்துறையையும் உறுநர் என்பதா, அவர்களைத் தனியே 'நடத்துநர்' என்பதா? பின்னது பஸ் நடத்துநரை நினைவூட்டுகிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.